கொஞ்சம் இருக்கு, கொஞ்சந்தான் இருக்கு

கீழ்வேளூர்ப் பிள்ளைகள் பெரிய ஆங்கிலச் சொற்களுக்குப் பயப்படுவதில்லை. 'போட்டோசிந்தசிஸ்' என்று சொல்லச் சொன்னால் மூச்சுவிடாமல் சொல்வார்கள், எழுத்துக்கூட்டியும் காட்டிவிடுவார்கள். அவர்கள் தடுக்கி விழுவதெல்லாம் பொடிச்சொற்களில்தான். ஃப்யூ, எ ஃப்யூ, லிட்டில், ஈச், எவ்ரி, சம், எனி, அதர், அனதர், நீதர். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று எது, எத்தனை, எவ்வளவு என்று வரம்பு கட்டினால் ஆங்கில இலக்கணம் இவற்றை டிடர்மினர் என்கிறது. பெயர்ச்சொல் இல்லாமல் தனியே நின்றால் அதே சொற்களில் பல ப்ரோனவுன் ஆகிவிடும். நாகை வட்டாரப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்துவிட்டு, இப்போது கேடிலியப்பர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். என் உழைப்பில் பெரும்பகுதி இந்தப் பொடிச்சொற்களோடு மல்லுக்கட்டியே போயிற்று.

இவற்றைச் சொல்லிக்கொடுக்க வழக்கமான முறை ஒன்று உண்டு. கடையில் விற்கும் நோட்ஸ் புத்தகத்தில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். ஃப்யூ என்றால் சில, எ ஃப்யூ என்றால் ஒரு சில. லிட்டில் என்றால் சிறிதளவு, எ லிட்டில் என்றால் ஒரு சிறிதளவு. இதைப் படித்த பிள்ளைக்கு என்ன விளங்கும்? 'சில'வுக்கும் 'ஒரு சில'வுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் தமிழய்யாவே கொஞ்சம் தயங்குவார். அதோடு, 'சிறிதளவு' என்று எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. பேசாத தமிழை வைத்துத் தெரியாத ஆங்கிலத்தை எப்படி விளக்குவது?

என் கட்சி இதுதான். இந்தச் சொற்களின் நுட்பத்தில் முக்கால்வாசி பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. வலப்பக்கத்துத் தமிழில் தேடினால் கிடைக்காது, வாய்க்கால் கரையில் பேசுகிற தமிழில் தேட வேண்டும்.

வாய்க்கால் என்று சும்மா சொல்லவில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. திறந்தாலும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். சில வருஷம் திறப்பதே தள்ளிப்போகும். அப்படி ஒரு ஆடி மாதத்தில் வகுப்பில், "வாய்க்கால்ல தண்ணி வருதா?" என்று பொதுவாகக் கேட்டேன். 

"கொஞ்சம் வருது டீச்சர்" என்றாள் ஒருத்தி. 

இன்னும் கிழக்கே தள்ளியிருக்கும் ஊர்க்காரப் பையன், "எங்கூர்ல கொஞ்சந்தான் டீச்சர் வருது" என்றான். 

இரண்டு வாய்க்காலிலும் ஒரே அளவு தண்ணீர் ஓடியிருக்கலாம். ஆனால் அவள் அப்பா நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட்டிருப்பார், அவன் அப்பா போட்டிருக்க மாட்டார். 'கொஞ்சம் வருது' என்பதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, 'கொஞ்சந்தான் வருது' என்பதில் குறை இருக்கிறது. முதலாவது 'எ லிட்டில் வாட்டர்', இரண்டாவது 'லிட்டில் வாட்டர்'. தமிழ் 'தான்' போட்டுக் காட்டும் குறையை ஆங்கிலம் 'எ'யை எடுத்துவிட்டுக் காட்டுகிறது. இதைச் சொன்னவுடன் அந்தப் பையன் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "அப்ப தான் இருந்தா எ கெடயாது, எ இருந்தா தான் கெடயாதுங்களா டீச்சர்?" இதைவிடக் கச்சிதமாக நான் படித்த எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லவில்லை.

எண்ணக்கூடிய பொருளுக்கு எ ஃப்யூவும் ஃப்யூவும். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? 'ஒரு நாலஞ்சு பேர் வந்தாங்க' என்றால் எ ஃப்யூ. 'நாலஞ்சு பேர்தான் வந்தாங்க' என்றால் ஃப்யூ. இங்கே இன்னொரு ஆச்சரியம். நாலஞ்சு பேர் என்பது பன்மை, அதற்கு முன்னால் தமிழிலும் 'ஒரு' நிற்கிறது. ஃப்யூ என்பது பன்மை, அதற்கு முன்னால் ஆங்கிலத்திலும் 'எ' நிற்கிறது. 'ஒருமைக்குத்தானே எ வரும், பன்மைக்கு எப்படி வந்துச்சு?' என்று கேட்கும் பிள்ளையிடம், 'நாலஞ்சு பேருக்கு முன்னாடி உன் வாயில ஒரு எப்படி வந்துச்சு?' என்று திருப்பிக் கேட்பேன்.

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் இதில் மூன்றாவது ஒன்றையும் பிரித்துக் காட்டும், தி ஃப்யூ என்றும் தி லிட்டில் என்றும். 1930களில் வந்த புத்தகம். அதை எழுதிய பி. சி. ரென், 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிப் புகழ்பெற்றவரும்கூட. நாவலாசிரியர் கை பட்டும் இலக்கணம் ஏன் இவ்வளவு வறண்டு கிடக்கிறது என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தத் தி ஃப்யூவை நான் புத்தகத்தை வைத்துப் புரியவைக்கவில்லை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியபோது, தெற்கே தென்னந்தோப்புகள் மொத்தமாகச் சாய்ந்தன. வகுப்பு மறுபடி தொடங்கியபோது ஒரு பெண் சொன்னாள்: "இருந்த நாலு தென்னையும் போச்சு டீச்சர்." இருந்ததே நாலு, அவையும் எல்லாம் போயின. தி ஃப்யூ கோகனட் ட்ரீஸ் வீ ஹாட். 'இருந்த' என்று முன்னால் ஒன்று, '-உம்' என்று பின்னால் ஒன்று, நடுவில் நாலு தென்னை. அன்றைக்கு நான் அதைக் கரும்பலகையில் எழுதவில்லை. பல மாதம் கழித்து, அவள் சிரித்துப் பேசத் தொடங்கிய பிறகுதான் எழுதினேன்.

மச், மெனி இரண்டும் எங்கள் பிள்ளைகளுக்குக் கஷ்டமே இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்துக் காத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 'நெல்லு எவ்வளவு?' என்பதும் 'மூட்டை எத்தனை?' என்பதும் வேறுவேறு கேள்விகள் என்று தெரியும். எவ்வளவு வரும் இடத்தில் மச், எத்தனை வரும் இடத்தில் மெனி. இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், அட்வைஸ் போன்றவற்றில் மட்டும் கணக்கு உதைக்கும், ஏனென்றால் தமிழில் தகவலையும் அறிவுரையையும் எண்ணலாம். அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. 

அனதர், அதர் குழப்பத்தில் நம் மொழி செய்யும் உதவி கொஞ்சநஞ்சம் இல்லை. 'அனதர் புக்ஸ்' என்று எழுதுகிற பிள்ளைகள் எல்லா வருஷமும் உண்டு. அனதர் என்பது 'அன்'னும் 'அதர்'ரும் ஒட்டிய சொல். இன்னொரு என்பது இன்னும், ஒரு என்ற இரண்டும் ஒட்டியது. இரண்டு சொல்லின் வயிற்றிலும் ஒன்று என்ற எண் உட்கார்ந்திருக்கிறது. 'இன்னொரு புத்தகங்கள் குடு' என்று யாராவது கேட்பார்களா? அவ்வளவுதான் விஷயம். ஆனால் 'அனதர் டென் டேஸ்' என்று வருகிறதே என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மடக்கும். அறுப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்று உங்கள் தாத்தாவிடம் கேட்டுப்பார் என்பேன். 'இன்னொரு பத்து நாள் ஆவும்' என்பார் அவர். பத்து நாளையும் ஒரே கட்டாகக் கட்டி அதற்கு ஒரு 'இன்னொரு' போடுவது தாத்தாவும் வெள்ளைக்காரரும் சேர்ந்தே செய்கிற வேலை. தி அதர் என்றால் மற்றது. இரண்டில் ஒன்றைச் சொல்லியாகிவிட்டது, மீதி இருக்கும் ஒன்று. எவ்ரி அதர் டே என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். தி அதர் டே என்றால் 'அன்னிக்கு ஒருநாள்'. இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் மாற்றிப்போட்டு மருந்தை எவ்ரி அதர் டே சாப்பிடவேண்டிய தாத்தாவை அன்றைக்கு ஒருநாளோடு நிறுத்திவிடுவார்கள்.

ஈச், எவ்ரி இரண்டுக்கும் புத்தகத்தில் 'ஒவ்வொரு' என்று ஒரே பொருள்தான் போட்டிருக்கும். நடவு வயலில் 'ஆளுக்கு ஒரு கட்டு நாத்து' என்று பிரித்துக் கொடுப்பார்கள். அந்த 'ஆளுக்கு'தான் ஈச். ஒருத்தர் ஒருத்தராகப் பார்த்துக் கொடுப்பது. டூ ஈச் என்று கடைசியில் போட்டால் ஆளுக்கு ரெண்டு. எவ்ரி அப்படித் தனித்தனியாகப் பார்க்காது. ஒருவரும் விட்டுப்போகவில்லை என்று மொத்தத்தைச் சொல்லும். பழைய ஆங்கிலத்தில் 'எவர்', 'ஈச்' என்ற இரண்டு சொல் சேர்ந்துதான் எவ்ரி ஆயிற்று. இரண்டே இரண்டு உள்ள இடத்தில் எவ்ரி வராது. ஈச் ஹேண்ட் என்று சொல்லலாம், இரண்டு கைக்காரன் எவ்ரி ஹேண்ட் என்று சொன்னால் சிரிப்பார்கள். 'எவ்ரி ஆஃப் தெம்' ஏன் தப்பு என்பதற்கும் தமிழே பதில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு என்ற சொல் தனியாக நிற்காது. ஒவ்வொருத்தர், ஒவ்வொண்ணு என்று ஏதாவது வாலில் ஒட்ட வேண்டும். எவ்ரியும் அப்படித்தான், எவ்ரி ஒன் ஆஃப் தெம் என்று ஒரு 'ஒன்' வேண்டும். ஈச் தனியாகவே நிற்கும் தெம்புள்ளது. வினைச்சொல் விஷயத்தில்தான் தமிழ் நம்மைக் கவிழ்க்கும். 'ஒவ்வொருத்தரும் வந்தாங்க' என்று நாம் பன்மை முடிப்போம். ஆங்கிலத்தில் ஈச்சுக்கும் எவ்ரிக்கும் ஒருமை வினைதான். வங்கித் தேர்வில் 'ஈச் ஆஃப் தி பாய்ஸ் ஹாவ்' என்று பொறி வைத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொல்வது இதனால்தான். 

இதுவரை சொன்னவற்றில் தமிழ் பெரும்பாலும் துணைக்கு வந்தது. எதிரே வந்து மோதும் இடம் ஒன்று உண்டு. இல்லை என்று சொல்கிற இடம். இதைத்தான் நான் அதிக நாள் எடுத்து நடத்துவேன்.

தமிழில் 'இல்லை' வாக்கியத்தின் கடைசியில் வரும். 'யாரும்' என்று தொடங்கிவிட்டு, வந்தார்களா வரவில்லையா என்பதைக் கடைசிச் சொல்வரைக்கும் நிறுத்திவைக்கலாம். கேட்பவரும் பொறுமையாகக் காத்திருப்பார். ஆங்கிலம் காத்திருக்காது. இல்லை என்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். 'யாரும் வரல' என்பதை வரிசை மாறாமல் மாற்றும் பிள்ளை 'எனிபடி டிட் நாட் கம்' என்று எழுதும். இந்த இடத்தில் எனிபடி என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மறுப்பு நிற்க வேண்டும், பின்னால் வருகிற நாட் அதற்குப் போதாது. நோபடி கேம். அதே மாதிரி, 'ரெண்டு பேரும் வரல' என்பது 'போத் டிட் நாட் கம்' ஆகிவிடும். நீதர் ஆஃப் தெம் கேம் என்பதுதான் முறை. நோபடி, நன், நீதர் மூன்றின் தலையிலும் அந்த 'ந' ஒலி இருப்பதைக் காட்டுவேன். 'இல்ல' என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு ஆளைச் சொல்கிறார்கள்.

'எல்லாம்' விஷயத்தில் இது ஆபத்தாகக்கூட முடியலாம். என்னிடம் படித்த ஒரு பையன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனான். காலையில் மேற்பார்வையாளரிடம், 'ஆல் தி பெல்ட்ஸ் ஆர் நாட் செக்ட்' என்று சொல்லியிருக்கிறான். உயரத்தில் வேலை செய்பவர்கள் கட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட். ஒன்றைக்கூட இன்னும் சோதிக்கவில்லை என்பது அவன் சொல்ல வந்தது. மேற்பார்வையாளர் புரிந்துகொண்டது, எல்லாவற்றையும் சோதித்து முடிக்கவில்லை, பாக்கி கொஞ்சம் இருக்கிறது என்று. அப்படியானால் எவையெவை முடிந்தன என்று அவர் கேட்க, இவன் விழிக்க, கடைசியில் ஒவ்வொரு பெல்ட்டாகத் தொட்டுக் காட்டிப் பேசித் தீர்த்திருக்கிறார்கள். அன்று இரவு போன் செய்தான். "தமிழ்ல 'எல்லா பெல்ட்டும் செக் பண்ணல'ன்னா ஒண்ணுகூட பண்ணலன்னுதான டீச்சர் அர்த்தம்?" என்று கேட்டான். தமிழிலும் அதற்கு இரண்டு அர்த்தம் எடுக்கலாம். குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் பிரித்துக்கொள்கிறோம். வேறு நாட்டு ஆளுக்கு நம் குரல் ஏற்றம் என்ன தெரியும்? ஒன்றுகூட இல்லை என்றால் நன் ஆஃப் தி பெல்ட்ஸ், சிலது பாக்கி என்றால் நாட் ஆல் தி பெல்ட்ஸ். வெளிநாடு போகிற பிள்ளை யாராக இருந்தாலும், கம்மியரோ நர்ஸோ, இந்த இரண்டையும் சரியாகச் சொல்லாமல் என் திண்ணையை விட்டு இறங்க விடுவதில்லை.

ஐதர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினம் போக பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. ரெண்டுல எதுல போனாலும் சரி என்றால் ஐதர். போத் என்று சொன்னால் ஒரு கால் பஸ்ஸிலும் ஒரு கால் ரயிலிலும் வைத்துச் சிக்கல் தாண்டிப் போக வேண்டியதுதான். அதை 'ஐதர்' என்று உச்சரிப்பதா 'ஈதர்' என்று உச்சரிப்பதா என்று கேட்பார்கள். ரெண்டுல எதுன்னாலும் சரி. 

சம், எனி இரண்டுக்கும் 'கேள்வியில் எனி, உடன்பாட்டில் சம்' என்று ஒரு சூத்திரம் ஓதுவார்கள். அரைகுறைச் சூத்திரம். வீட்டுக்கு வந்தவரைக் காபி சாப்பிடச் சொல்லும்போது கேள்வியாகக் கேட்டாலும் சம் காபி என்றுதான் கேட்பார்கள், வேண்டும் என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்பதால். தமிழ் இந்த இடத்தில் ஆங்கிலத்தைவிட நுட்பமாகப் பிரிக்கிறது. யாரோ வந்தார்கள், யாராவது வந்தார்களா, யாரும் வரவில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரே 'யார்' என்ற சொல் வாலை மாற்றி மாற்றி நாலு வேலை செய்கிறது. முதலாவது சம்படி, மூன்றாவது நோபடி, மற்ற இரண்டையும் ஒரே எனிபடி சுமக்கிறது. இந்த நாலு வாக்கியத்தையும் எழுதிப்போட்டால் போதும், சூத்திரம் தேவைப்படாது.

இட்ஸ் என்று தமிழில் எழுதினால் அது எந்த இட்ஸ் என்றே தெரியாது, மேல்கமா போட்டதா போடாததா என்று. காதால் கேட்டும் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தில் மட்டுமே இருக்கும் குழப்பம் இது. ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ், இந்த உடைமைச் சொற்கள் ஒன்றுக்கும் மேல்கமா கிடையாது, அதனால் 'அதனுடைய' என்னும் இட்ஸுக்கும் கிடையாது. மேல்கமா இருந்தால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' சுருங்கியது. வெள்ளைக்காரர்களும் இதில் சறுக்குகிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஆறுதல். சறுக்குவதற்குக் காரணமும் உண்டு. ஆங்கிலச் சொற்களில் இந்த இட்ஸ் வயதில் இளையது. 1611-இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில் இந்தச் சொல்லே இல்லை, அஃறிணைக்கும் பெரும்பாலும் ஹிஸ் என்றே எழுதினார்கள். அது புழக்கத்துக்கு வந்த பிறகும் நெடுநாள் பலர் மேல்கமா போட்டே எழுதிக்கொண்டிருந்தார்கள். 

ஹூ, ஹூம் இரண்டும் நமக்கு யார், யாரை. தமிழ்ப் பதிலில் 'ஐ' உருபோ 'கு' உருபோ வந்தால் ஹூம். இதை மூன்று நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆங்கிலேயர்களே பேச்சில் ஹூமைக் கைவிட்டு வருகிறார்கள், நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று எனக்கே தோன்றும்.

திஸ், தட் இரண்டும் எங்கள் தலைமுறைக்கு முதல் பாடம். 1950களின் கடைசியில் மதராஸ் மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் முயற்சி நடந்தது. பயிற்சி பெற்றவர் அடுத்தவருக்குப் பயிற்சி தர, அவர் இன்னும் சிலருக்குத் தர, இப்படி உருண்டு பெருகியதால் மதராஸ் ஸ்நோபால் என்று அதற்குப் பெயர். எனக்கு வாய்த்த ஆசிரியர் அந்தப் பாணிக்காரர். பேனாவைக் கையில் பிடித்து 'திஸ் இஸ் எ பென்' என்பார், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி 'தட் இஸ் எ ட்ரீ' என்பார். தமிழ் விளக்கம் ஒரு சொல் கிடையாது. இந்த இரண்டு சொல்லுக்கு அது பொருந்தியது. கைநீட்டிக் காட்டக்கூடியவை அவை. நீதரையோ எ ஃப்யூவையோ எந்தத் திசையில் கைநீட்டிக் காட்டுவது? தொல்காப்பியர் சுட்டெழுத்து மூன்று என்கிறார், அ, இ, உ. நம் பக்கம் 'உது' வழக்கொழிந்துவிட்டது, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்னும் இருக்கிறது. அவர்களிடம் திஸ், தட் என்று இரண்டை மட்டும் கொடுத்தால் ஒன்று குறைகிறதே என்றுதான் நினைப்பார்கள்.

இனி ப்ரோனவுன். 'மை ஃபாதர் ஹாவ் கான் டு திருவாரூர். தே வில் கம் டுமாரோ' என்று எழுதாத பிள்ளை எங்கள் வட்டாரத்தில் இல்லை. 'அப்பா திருவாரூர் போயிருக்காங்க' என்று பேசும் வீட்டுப் பிள்ளை வேறெப்படி எழுதும்? நான் தேயை அடித்து ஹீ என்று திருத்தினால், "அப்பாவ எப்படி டீச்சர் அவன்னு எழுதுறது?" என்று சங்கடப்படுவார்கள். வலப்பக்கத்துத் தமிழ் செய்த கோளாறு இது, ஹீ என்றால் அவன் என்று அச்சடித்து வைத்திருக்கிறது. ஹீயில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. ஒரு ஆண், ஒருத்தர், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

இதைச் சொன்ன ஒரு மாலையில் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "அப்ப எங்க தாத்தாவும் ஹீ, அவங்க வேல பாத்த பண்ணையாரும் ஹீயா டீச்சர்?" 

"ஆமாப்பா." 

"ரெண்டு பேருக்கும் யூதானா?" 

"யூதான்." 

"நல்லாருக்கு டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் கேள்வியின் கனம் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. கீழ்வெண்மணி எங்கள் தாலுகாவில்தான் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த ஊர். அந்தக் காலத்தில் பண்ணையாள் கிழவரானாலும் அவருக்கு 'அவன்', 'வாடா'தான். பண்ணை வீட்டுச் சின்னப் பையனை அவர் 'சின்னய்யா' என்று கூப்பிட வேண்டும். யாருக்கு 'ன்', யாருக்கு 'ர்' என்பது எங்கள் மண்ணில் வெறும் இலக்கணமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் இரண்டும் இருந்தன. 'தௌ' என்பது நீ, 'யூ' என்பது நீங்கள். பதினேழாம் நூற்றாண்டில் தௌ பேச்சிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கிப்போயிற்று. மிஞ்சியது மரியாதைச் சொல். எல்லாரும் நீங்கள் ஆகிவிட்டார்கள். இதை அந்தப் பையனுக்கு அடுத்த வகுப்பில் சொன்னேன். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டான்.

ஆங்கிலம் நம்மிடம் தோற்கும் இடங்களையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த மொழி ஏதோ வானத்திலிருந்து இறங்கியது என்று நினைத்துக்கொள்வார்கள். 'வீ' என்றால் நாமா, நாங்களா? ஆங்கிலத்தில் தெரியாது. 'வீ ஆர் கோயிங் டு நாகூர்' என்று ஒருவன் சொன்னால், நானும் கிளம்ப வேண்டுமா, வழியனுப்ப வேண்டுமா என்று இன்னொரு கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களுக்கு வடக்கே தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்க் தமிழ் கற்று, லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலேயில் அச்சாயிற்று. 1856-இல் வந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் இந்த இரட்டை 'நாம்' பற்றித் தனியாகவே பேசுகிறது. ஐரோப்பியர் இங்கே வந்து பாடுபட்டுக் கற்ற வித்தியாசம் எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தானாக வருகிறது. 'தன்' இன்னொன்று. முருகன் 'தன்' சைக்கிளில் போனானா, வேறொருவன் சைக்கிளில் போனானா என்பதை ஹிஸ் சொல்லாது. 'ஹிஸ் ஓன்' என்று ஒரு முட்டுக்கொடுத்தாக வேண்டும். 

காவிரிக் கரைக்காரர்களுக்கு ஆங்கிலம் வராது என்று யாராவது சொன்னால் வலங்கைமானைக் காட்டுவேன். அங்கே 1869-இல் பிறந்து கும்பகோணம் கல்லூரியில் படித்த வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியின் மேடை ஆங்கிலத்தை உலகமே புகழ்ந்தது. எனக்குப் பிடித்தது அவர் மேடைக்கு வெளியே செய்த ஒரு வேலை. காந்தியின் சத்திய சோதனையை மகாதேவ் தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். இரண்டாம் பதிப்புக்கு அந்த ஆங்கிலத்தைச் செப்பம் செய்து கொடுத்தவர் சாஸ்திரி. தன் பெயர் வரக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அந்தத் திருத்தத்தில் எத்தனை 'எ' உள்ளே வந்திருக்கும், எத்தனை 'தி' வெளியே போயிருக்கும் என்று சில நாள் யோசித்துக்கொண்டிருப்பேன். இந்த வேலையில் பெயர் கிடைக்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக, தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. எவ்ரிபடி, எனிபடி, ஈச் வரும் வாக்கியத்தில் பின்னால் வருவது ஹிஸ்ஸா, தெயரா என்ற சண்டை ஆங்கிலத்தில் நெடுங்காலமாக நடக்கிறது. ஒருவரையே குறித்துத் தே, தெயர் என்று எழுதும் வழக்கு பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. 2019-இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 'தே'யை அந்த ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடைக் கையேடும் அதே ஆண்டு அதை ஏற்றுக்கொண்டது. பழைய புத்தகங்கள் இன்னும் ஹிஸ்தான் சரி என்கின்றன. நம் போட்டித் தேர்வு வினாத்தாள்கள் பெரும்பாலும் அந்தப் புத்தகங்களை ஒட்டியே தயாராகின்றன. ஆகவே பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் எவ்ரிபடியோடு தெயர் நின்றால் அங்கே ஒரு கண் வையுங்கள், கேட்ட பிழை அதுவாகவே இருக்கலாம். வேலை கிடைத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தாராளமாகத் தெயர் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் நம் வீட்டு 'அவங்க'வுக்கும் பக்கத்தில் இருக்கிறது.